பழைய தொங்கு பாலம் உள்ள நகராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர்களுக்கும் பொறியாளர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊரில் தலைமுறைகள் கடந்த ஒரு தொங்கு பாலம் இருக்கிறது என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான். மன்னர் கட்டியதோ, வெள்ளைக்காரர் காலத்தில் எழுந்ததோ, இன்று அதற்கான பொறுப்பு உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சொன்னாலே பலருக்கு அந்தப் பாலம்தான் நினைவுக்கு வரும். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், காலடியில் தளம் லேசாக ஆடும்போது சிரிக்கிறார்கள், பயப்படுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சரி சொல்லித்தான் திறந்து வைத்திருப்பார்கள் என்று நம்புகிறார்கள். அந்தச் சரியைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: பாலத்தில் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைத் திறந்து பாருங்கள், பார்த்ததை எழுதி மக்கள் முன்னால் வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு மோர்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை, குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மேல் இருந்த தொங்கு பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். மோர்பி மன்னர் வாக்ஜி தாக்கூர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலம் அது. ஊருக்கே பெருமையாக இருந்த பாலம். பல மாதம் மூடி வைத்துப் பழுதுபார்த்து, குஜராத்திப் புத்தாண்டான அக்டோபர் 26 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். திறந்த நான்காம் நாள் விழுந்தது.

மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டதை ஒவ்வொரு நகராட்சிப் பொறியாளரும் படித்திருக்க வேண்டும். அந்தப் பாலத்தின் முதன்மை வடம் ஒவ்வொன்றும் ஏழு புரிகளால் ஆனது. புரிக்கு ஏழு கம்பி, ஆக மொத்தம் 49 கம்பிகள். அறுந்த வடத்தில் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்றது குழு. மீதி 27 கம்பிகள்தான் அன்றைக்குப் பாரம் முழுவதையும் தாங்கி நின்றவை. தேர் இழுக்கும் வடத்தில் பாதிப் புரி நைந்து போயிருந்தால் நாம் தேரை நிலையை விட்டு நகர்த்த விடுவோமா? இங்கே அந்த வடத்தை அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலைகள் நடந்தன. தளத்தை வடத்தோடு இணைக்கும் பழைய தொங்கு கம்பிகளோடு புதிய கம்பிகளைப் பற்றவைத்தார்கள். மரப்பலகைத் தளத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டார்கள். மரத்துக்கு இருந்த வளைந்து கொடுக்கும் தன்மை போனது, தளத்தின் எடையும் கூடியது. திறப்பதற்கு முன் சுமை சோதனை எதுவும் செய்யவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்ற வரம்பும் இல்லை. விழுந்த நாளில் விற்ற டிக்கெட்டுகள் 3,165.

பணமும் உழைப்பும் எங்கே போயின என்று பாருங்கள். மக்கள் மிதிக்கிற இடத்துக்குப் போயின, படம் எடுத்தால் அழகாகத் தெரியும் இடத்துக்குப் போயின. உயிரைத் தாங்கும் வடத்துக்குப் போகவில்லை. இது மோர்பியில் மட்டும் நடக்கிற தவறு என்று என்னால் நினைக்க முடியவில்லை. எந்த ஊரிலும் பழுதுபார்ப்பு என்றால் முதலில் பெயிண்ட்தான், அப்புறம் கைப்பிடி, அப்புறம் வண்ண விளக்கு.

அதே 2022 அக்டோபரில் வேறொரு பாலத்திலும் ஒன்று நடந்தது. வேல்ஸில் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1826ல் திறந்த மெனாய் தொங்கு பாலத்தை அதிகாரிகள் திடீரென்று மூடினார்கள். அங்கே எதுவும் அறுந்து விழவில்லை. தொங்கு கம்பிகள் முன்னறிவிப்பு இல்லாமல் முறியக்கூடும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள், உடனே வழியை அடைத்துவிட்டார்கள். அந்தப் பாலம் கரையோடு இணைக்கும் ஆங்கிள்சி தீவு மக்களுக்குக் கோபம். பாலத்தடி ஊர்க் கடைகளில் வியாபாரம் படுத்தது. வண்டிகளெல்லாம் பக்கத்தில் உள்ள பிரிட்டானியா பாலத்தில் போய் நெரிந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான், தற்காலிக ஏற்பாடுகளோடும் எடைக் கட்டுப்பாட்டோடும் திறந்தார்கள். ஆக, ஒரே மாதத்தில் ஓரிடத்தில் பார்த்துவிட்டு மூடினார்கள், இன்னோரிடத்தில் பார்க்காமல் திறந்தார்கள். மூடியவர்களுக்குக் கிடைத்தது திட்டுதான், எனக்குத் தெரியும். நாளை உங்களில் ஒருவர் அப்படி மூட நேர்ந்தால் ஊரின் திட்டு உங்கள் மேலும் விழும். அப்போது உங்கள் பக்கம் நின்று பேச நாங்களும் இருக்கிறோம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மோர்பி விபத்து நடந்ததும் பரவிய ஒரு பேச்சு எனக்கு இன்றும் ஆறவில்லை. இளைஞர்கள் பாலத்தை ஆட்டினார்கள், கூட்டம் அதிகம், அதனால்தான் விழுந்தது என்றார்கள். கணக்கைப் பார்ப்போம். சாலைகளுக்கும் பாலங்களுக்கும் விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐஆர்சி 6 விதி, பாலத்தில் மக்கள் நடக்கும் பகுதிக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ பாரம் கணக்கிடச் சொல்கிறது. நகரத்துக்கு அருகிலோ, யாத்திரைத் தலத்திலோ, திருவிழாக் கூட்டம் சேரும் இடத்திலோ என்றால் 500 கிலோ. கூட்டம் வரும் என்பதை விதி எழுதியவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள். மோர்பி பாலத்தின் நீளம் சுமார் 230 மீட்டர், அகலம் சுமார் 1.25 மீட்டர். பாலம் நீளமாக இருந்தால் விதி அந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ள விடுகிறது; அப்படிக் குறைத்தாலும், இன்று அதே அளவில் புதிதாக ஒன்று கட்டினால் பல பத்து டன் மக்கள் பாரம் தாங்கும்படி அதை வடிவமைக்க வேண்டியிருக்கும். விழுந்தபோது மேலே இருந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் 18 டன். ஆடியதால் பாரம் கொஞ்சம் கூடியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் மேல் பழியைப் போடுவது அநியாயம். அத்தனை பேரைத் தாங்காது என்றால் அத்தனை பேரை ஏற்றியிருக்கக் கூடாது. அதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர்கள் பாலத்தின் மேல் நிற்கவில்லை.

கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. அங்குள்ள கிளிஃப்டன் தொங்கு பாலம் இசம்பார்ட் புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்தது; பணம் இல்லாமல் பல ஆண்டு பாதியில் நின்று, அவர் இறந்த பிறகு 1864ல்தான் திறக்கப்பட்டது. லண்டனில் பிரித்தெடுத்த அவருடைய இன்னொரு பாலத்தின் சங்கிலிகளைக் கொண்டுவந்து இதைக் கட்டி முடித்தார்கள். 2003ல் நகரத்தில் நடந்த விழாக்களுக்கு வந்த கூட்டம் பாலத்தின் மேல் ஏறியபோது பாரம் அளவுக்கு மிஞ்சியதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அந்த விழா நேரங்களில் பாலத்தை மூடிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். வண்டிக்கு மட்டும் அல்ல, நடப்பவர்களுக்கும் சேர்த்து. நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். தீபாவளி, பொங்கல், ஆடிப் பெருக்கு என்றால்தான் பாலத்தில் கூடுதல் டிக்கெட் விற்கிறோம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பாகங்கள் என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். 1850 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ஆன்ஜே நகரில் மேன் ஆற்றுத் தொங்கு பாலத்தில் ஒரு படைப்பிரிவு புயல் காற்றுக்கு நடுவே கடந்துகொண்டிருந்தது. பாலம் விழுந்து 226 பேர் இறந்தார்கள். கட்டி முடித்துப் பன்னிரண்டு ஆண்டு போல்தான் ஆகியிருந்தது. விசாரித்தபோது காரணம் மண்ணுக்குள் இருந்தது தெரிந்தது. வடங்களின் நுனியைக் கரையில் புதைத்து, துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று சுற்றிலும் சுண்ணாம்புக் காரையை நிரப்பியிருந்தார்கள். காரை கம்பியிலிருந்து விலகியது, அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கியது, உள்ளே கம்பிகள் அரித்துக்கொண்டே போயின. காரைக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பாதுகாப்புக்கு என்று செய்ததே பார்வையை மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டு போல் பிரான்சில் தொங்கு பாலம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் மேல் 1928ல் கட்டிய சில்வர் பாலத்தின் கதையும் இப்படித்தான். அது வடத்தில் தொங்கவில்லை. துளையிட்ட எஃகுப் பட்டைகளைத் தடித்த முளையாணியால் கோத்த சங்கிலியில் தொங்கியது. கண்ணிக்கு இரண்டே பட்டைகள். ஒன்று போனால் இன்னொன்று தனியாகத் தாங்காது. 1967 டிசம்பர் 15 மாலை, வேலை முடிந்து திரும்பும் வண்டிகள் நெரிசலில் நின்றபோது ஒரு பட்டை முறிந்து பாலம் மொத்தமும் ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். முறிவுக்குக் காரணமான விரிசலின் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். இணைப்பைக் கழற்றாமல் அதைப் பார்க்க வழியே இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் பாலங்களைப் பரிசோதிப்பதற்குத் தேசிய விதிமுறை வந்தது. 1971லிருந்து மத்திய அரசின் நிதியுதவி பெறும் நெடுஞ்சாலைகளின் பாலங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று ஆனது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது, கரையில் வடம் போய் மறையும் நங்கூரக் குழி. பல ஊர்களில் அது குப்பை கொட்டும் இடமாக, செடி முளைத்து மூடிய இடமாக இருக்கிறது. மழைத் தண்ணீர் வடத்தின் வழியே ஓடி அங்கேதான் இறங்குகிறது. வடிகால் அடைத்திருந்தால் இரும்பு ஆண்டு முழுவதும் ஈரத்தில் ஊறும். மண்ணை அள்ளி, தண்ணீரை வெளியேற்றி, வடத்தின் முனை எப்படி இருக்கிறது என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். சிமென்ட் போட்டு அடைத்திருந்தால் ஆன்ஜேயை நினைத்து, உடைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அடுத்து கோபுர உச்சி. வடம் அங்கே ஒரு வளைந்த இரும்புத் தாங்கியின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. சில பாலங்களில் அந்தத் தாங்கி உருளைகளின் மேல் நகரும்படி இருக்கும். உருளை துருவேறி இறுகிவிட்டால், வெயிலில் வடம் நீள்வதும் குளிரில் சுருங்குவதும் கோபுரத்தையே இழுக்கத் தொடங்கும். தாங்கிக்கு அடியில் கம்பி எப்படி இருக்கிறது என்று தரையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது, ஏறித்தான் ஆக வேண்டும். பிறகு, ஒவ்வொரு தொங்கு கம்பியும் வடத்தைப் பிடிக்கும் கவ்விகள். கவ்விக்கு அடியில் ஈரம் தங்கும். நடு ஆற்றில், வடம் மிகத் தாழ்ந்து வரும் இடத்தில் எல்லாத் தண்ணீரும் சேரும். இந்த இடங்களில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். துருவின் மேல் அடித்த பெயிண்ட் ஆன்ஜேயின் காரை செய்த வேலையையே செய்கிறது.

வெளியே பளபளப்பாக இருக்கும் வடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிய பாலங்களில் வடத்தின் சுற்றுக் கம்பியை அவிழ்த்து, ஆப்பு வைத்துப் புரிகளை விலக்கி, உள்ளிருக்கும் கம்பிகளை நிலைவாரியாகத் தரம் பிரிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலத்தில் 2004ல் இப்படித் திறந்து பார்த்தபோதுதான், கட்டி நாற்பதே ஆண்டில் வடத்தின் வலிமை எட்டிலிருந்து பத்து சதவீதம் குறைந்திருப்பது தெரிந்தது. உடனே வடத்துக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஈரம் இல்லாத இடத்தில் துரு வளராது. உங்கள் பாலத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாமல் போகலாம். ரோப்கார் வடங்களைச் சோதிக்கும் காந்த முறைக் கருவிகள் நம் நாட்டிலேயே பயன்பாட்டில் இருக்கின்றன. பழனி மலையில் ரோப்காரை ஆண்டுதோறும் பல நாட்கள் நிறுத்திப் பராமரிக்கிறார்கள். அறிவிப்பைப் பார்த்துவிட்டு பக்தர்கள் படியேறியோ வின்ச்சிலோ போகிறார்கள். யாரும் தகராறு செய்வதில்லை. பாலத்துக்கும் அப்படி ஆண்டு நிறுத்தம் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தால் ஊர் பழகிக்கொள்ளும்.

பழமையைக் காப்பதா, பாதுகாப்பைப் பார்ப்பதா என்று ஒரு வாதம் கட்டாயம் வரும். இரண்டும் மோத வேண்டியதில்லை. மெனாய் பாலத்தின் பழைய இரும்புச் சங்கிலிகளை 1938க்கும் 1941க்கும் இடையில் எஃகுச் சங்கிலிகளாக மாற்றினார்கள். இன்றும் உலகம் அதை டெல்ஃபோர்டின் பாலம் என்றுதான் மதிக்கிறது. நம் பக்கத்தில், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறவர்களுக்குத் தெரிந்த புனலூர் தொங்கு பாலம் இருக்கிறது. கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டி 1877ல் முடித்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு வண்டிகள் அதன் வழி போகின்றன. பழையதைக் கேரளத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறது. பழைய பாலத்தின் பாரத்தைக் குறைத்து அதன் ஆயுளைக் கூட்டுவது நல்ல வழி. அந்தப் பாலத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: மக்களுக்குப் பயம் தெளிய வேண்டும் என்று ஆறு யானைகளைப் பாலத்தின் மேல் நடக்க விட்டு, பொறியாளர் தன் குடும்பத்தோடு கீழே படகில் போனாராம். நடந்ததோ இல்லையோ, கட்டியவர் முதலில் பாரம் ஏற்றிக் காட்ட வேண்டும், தவறினால் அடி தனக்கு விழ வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்திருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு சரியானது. மோர்பியில் சுமை சோதனைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் போதும்.

ரிஷிகேஷின் லட்சுமண் ஜூலா தொங்கு பாலத்தையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த முந்தைய பாலத்தை 1924 வெள்ளம் கொண்டுபோனது. அடுத்து எழுந்த பாலம் 1930ல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, தொண்ணூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக யாத்ரீகர்களைச் சுமந்தது. நிபுணர்கள் அதன் நிலை மோசம் என்று சொன்னதும் 2019 ஜூலையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். கடைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். ஆனால் ஒரு திருவிழா நாளில் அது கங்கையில் விழுந்த செய்தியை நாம் படிக்க நேரவில்லை.

மன்ற உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மோர்பியில் பாலத்தை நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் போனது. அந்த ஒப்பந்தத்தை மன்றக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்கவில்லை என்பதும், தகுதியான வல்லுநர்களைக் கலந்துகொள்ளாமல் பழுதுபார்ப்பு நடந்தது என்பதும் புலனாய்வுக் குழு கண்டவை. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று உறுப்பினர்கள் பலர் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் மாநில அரசு அந்த நகராட்சி மன்றத்தையே கலைத்தது. தெரியாது என்ற பதில் யாரையும் காப்பாற்றவில்லை. பராமரிப்பை வெளியாருக்கு விடலாம்; பொறுப்பை விட முடியாது. ஒப்பந்தம் வரும்போது, யார் வேலை செய்யப் போகிறார்கள், இதற்கு முன் எந்தத் தொங்கு பாலத்தில் வேலை செய்திருக்கிறார்கள், வடத்தை யார் சோதித்துக் கையெழுத்துப் போடுவார்கள், டிக்கெட் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று எழுந்து கேளுங்கள். பாலத்தில் வசூலாகும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துப் பாலத்துக்கே செலவிடுவதுதான் முறை.

பொறியாளர்களுக்கு ஒன்று. உங்கள் வேலை எவ்வளவு நெருக்கடியில் நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று எல்லாம் உங்கள் தலையில். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டுச் சான்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பரிசோதனை முடியவில்லை என்று எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலப் பதிவேடு தொடங்குங்கள்: எந்தக் கம்பி எப்போது மாறியது, எந்தக் கவ்வி தளர்ந்தது, எந்த மழையில் குழியில் தண்ணீர் நின்றது, தளத்தின் எடை கூடியதா குறைந்ததா. நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து வேலையைத் தொடரலாம்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு நங்கூரக் குழிகளைத் திறந்து பாருங்கள். தொங்கு பாலத்தில் அனுபவம் உள்ள வல்லுநரையோ, பொறியியல் கல்வி நிறுவனத்தையோ அழைத்து வடத்தைச் சோதியுங்கள். அறிக்கையை அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்து, சுருக்கத்தைத் தமிழில் பாலத்தின் இரண்டு முனைகளிலும் பலகையில் எழுதி வையுங்கள்: கடைசியாகப் பரிசோதித்த தேதி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம், பொறுப்பு எந்த அலுவலருடையது. அந்த எண்ணிக்கைக்கு மேல் போகாமல் வாயிலில் ஆள் வைத்து எண்ணச் செய்யுங்கள். முடிவு மோசமாக வந்தால் அன்றே மூடுங்கள். எப்போது திறப்பீர்கள் என்று நச்சரிக்க மாட்டோம். என்ன வேலை நடக்கிறது என்று மட்டும் மாதம் ஒருமுறை சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அந்தப் பாலங்களில் நடக்கும் குடிமக்களில் ஒருவர்